நிற்காமல் போன சிவப்பு பஸ்

பவளராணிக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. "உன்ர கோபத்துக்குப் பென்சன் குடுக்கவேணுமப்பா, அவ்வளவு காலமா சேவையிலை நிக்குது" என்று அவளுடைய புருசன் பகிடி விடுவார். அவருக்கென்ன, சிரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். கோபம் மட்டும் சிட்னியின் நார்த்மீட் வீட்டில் அவளோடும் மகள் தர்சினியோடும் குடியிருந்தது.

அது பிறத்தியார் மேலும் இல்லை, கூடப்பிறந்த அண்ணன் மகேந்திரராசாமேல். மனைவி இறந்தபிறகு அந்த மனுசன் இங்கிலாந்தை விட்டுவிட்டு, குவேக்கர்ஸ் ஹில்லில் மகன் துஷாந்தின் வீட்டுக்கு வந்து சில வருசமாகிறது. காரில் ஏறினால் ஃபிளாஸ்கில் ஊற்றிய தேத்தண்ணி ஆறமுன்னம் போய்விடலாம். அவள் போனதில்லை. போன கிழமை துஷாந்த் தர்சினிக்குப் போன் எடுத்து, அப்பாவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, டயாலிசிஸும் வேண்டாமாம், இனி நாட்கணக்குத்தான், மாமியை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று கெஞ்சினான். அதற்கும் அவள் அசையவில்லை.

"கைப்பிள்ளையோடை ஐஸ் மழைக்குள்ளை நிண்ட என்னை விட்டுட்டுப் போன ஆள். நான் ஏன் போகவேணும்?"

"அம்மா, சீரியஸ்லி? அந்தக் கைப்பிள்ளை நான்தானே. எனக்கே ஐம்பது வரப்போகுது. ஒரு பஸ்ஸுக்காக இவ்வளவு காலமோ?"

"பஸ்ஸுக்காக இல்லையடி. அந்தாள் திரும்பிப் பாத்த பார்வைக்காக."

தர்சினி லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அந்தப் பார்வை வட இங்கிலாந்தில், ஹல் என்ற நகரத்தில் நடந்தது. எழுபதுகளின் ஒரு மாரிகாலம். பவளராணி சுன்னாகத்திலிருந்து புருசனோடும் ஒரு வயதுப் பிள்ளையோடும் அங்கே போய் இறங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படிக்கப் போன அண்ணன் படிப்பை விட்டுவிட்டு அங்கே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் அவளுக்கும் ஏற்கெனவே சரியில்லை. அவள் கலியாணத்துக்கு அண்ணன் குறுக்கே நின்றவர். மாப்பிள்ளைக்கு ஒழுங்கான வேலையில்லை என்று அப்பாவுக்கு ஓதினவர். கலியாணம் நடந்தது, மனஸ்தாபமும் நடந்தது.

அந்த ஊரில் அப்போது நகரசபைக்கு நீல பஸ்கள். சுற்றுவட்ட ஊர்களிலிருந்து நகரத்துக்கு வந்துபோக, ஒரு வெளியூர்க் கொம்பனியின் சிவப்பு பஸ்கள். ஒரே ரோட்டில் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஓடும். பவளராணிக்கு நீலமென்ன, சிவப்பென்ன, பஸ் என்றால் பஸ். சுன்னாகத்தில் டிரைவர் தெரிந்தவர் என்றால் படலையடியில் நிறுத்தி, சனம் சீலை மாற்றிக்கொண்டு வரும்வரைக்கும் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்பார். பிறத்தி டிரைவரே அப்படியென்றால், சொந்த அண்ணன் எப்படி நிற்கவேண்டும்!

பிள்ளைக்கு அன்று காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. புருசன் வேலைக்குப் போய்விட்டார். அன்லாபி ரோட்டில், பாதி மழையும் பாதி ஐஸுமாகக் கொட்டுகிற வானத்தின் கீழே, பிள்ளையைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு நின்றாள். ரோட்டின் மற்ற முனையில் ஆஸ்பத்திரி. சிவப்பு பஸ் ஒன்று வந்தது. ஓட்டுகிற இடத்தில், அவளால் தன் கண்களை நம்பவே முடியவில்லை, அண்ணன்! என்ர கடவுளே, சரியான நேரத்திலை அனுப்பினியே என்று ரோட்டுக்கே இறங்கிக் கையை ஆட்டினாள். பஸ்ஸுக்குள்ளே பாதிக்குமேல் காலி. அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பின்பக்கமாக வீசினார், நாயைத் துரத்துகிற மாதிரி. பஸ் சேற்றுத் தண்ணீரை அவள் சப்பாத்தில் தெறிக்கவிட்டுப் போய்விட்டது.

பிறகு வந்த நீல பஸ்ஸில் ஏறித்தான் போனாள். பிள்ளைக்கு நிமோனியா என்று வார்டில் கிடத்திவிட்டார்கள். பிள்ளை தேறியது, அண்ணன் தங்கை உறவு தேறவில்லை. அடுத்த மாசமே புருசனுக்கு லண்டனில் வேலை கிடைத்தது, பிறகு சிட்னி. அண்ணன் எத்தனையோ தரம் போன் எடுத்தார். குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள்.

இதெல்லாம் இப்படியே சாம்பலோடு சாம்பலாகப் போயிருக்கும், யோகா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

யோகா பினாங்குக்காரி. பரமட்டாவில் முதியவர்களுக்கு நடத்துகிற நீச்சல் வகுப்பில் புதிதாகப் பழக்கம். சனிக்கிழமை இரண்டு பேரும் ஹரிஸ் பார்க்கில் ஒரு இனிப்புக் கடையில் உட்கார்ந்து, டொக்டர் சாப்பிடவேண்டாம் என்று சொன்னதையெல்லாம் ஓர்டர் பண்ணினார்கள். கதை வாக்கில் இங்கிலாந்து வந்தது.

"நீங்க ஹல்லா? அட கடவுளே! நான் அங்கதான படிச்சேன்! ஹாஸ்டல் காட்டிங்ஹம்ல. வெள்ளை டெலிபோன் பெட்டி ஞாபகம் இருக்கா? மீன் நாத்தம்?"

"மறக்கேலுமோ. மூக்குக்குள்ளையே நிக்குது."

"அந்த நீல பஸ், சிவப்பு பஸ்?"

பவளராணியின் முகம் இறுகியது. "சிவப்பைப் பற்றிக் கதையாதேங்கோ."

"ஏன், உங்களையும் ஏத்தலையா?" யோகா விழுந்து விழுந்து சிரித்தாள். "வந்த புதுசுல அன்லாபி ரோட்ல நான் கை காட்டிக் காட்டி ஓஞ்சே போய்ட்டேன். காலியா வருவான், நிறுத்தவே மாட்டான்லா. அப்புறம்தான் ஒரு கிழவி சொன்னா, அவனுக்கு அது சட்டமாம். சிட்டி எல்லைக்குள்ள வந்துட்டா ஆள இறக்கலாம், ஏத்தக் கூடாது. ஏத்துற உரிமை நீல பஸ்ஸுக்குத்தான். வழியில இன்ஸ்பெக்டர் வேற நிப்பான். எங்கப்பாவே ஓட்டிட்டு வந்தாலும் ஏத்த முடியாது. டிரைவருங்க பாவம், பின்னால நீலம் வருது, அதுல ஏறுன்னு கைய இப்படிக் காட்டிட்டுப் போவாங்க."

சொல்லிக்கொண்டே யோகா கையைத் தூக்கிப் பின்பக்கமாக வீசிக் காட்டினாள்.

பவளராணி கடித்த ஜிலேபியைத் தட்டில் வைத்துவிட்டாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். எத்தனை வருசம் கனவில்கூட வந்த கை. அதற்குப் பின்னாலேயே நீல பஸ் வந்ததும் உண்மை, அதில்தான் ஏறினாள். ஐயோ, ஏறினாளே! ஏறி உட்கார்ந்தும் இந்த மரமண்டைக்கு அது உறைக்கவில்லையே! மேசையிலிருந்த போனை எடுத்துத் தர்சினிக்கு அடித்தாள்.

"மாமா வீட்டை போவம். இப்பவே. கேள்வி கேக்காதை, வா."

கார் போகப் போக அவளுக்கு நெஞ்சு இலேசாகிக்கொண்டு வந்தது. எவ்வளவு சின்ன விசயம்! எனக்கு அந்தச் சட்டம் தெரியாது அண்ணா, மன்னியுங்கோ. அவ்வளவுதான், ஒரு வசனம். சொன்னால் முடிந்தது. வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

துஷாந்த் கதவைத் திறந்து, மாமியைக் கண்டதும் வழிவிட்டு ஒதுங்கினான். உள்ளே யன்னலடியில் கதிரையில் ஒரு மெலிந்த கிழவர். முகத்தில் எலும்பு தெரிந்தது, காலிரண்டும் வீங்கிக் கிடந்தன.

"பவளமோ?"

"ஓம் அண்ணா."

கிழவர் முந்திக்கொண்டார். "உன்ர கலியாணத்துக்கு நான் குறுக்கை நிண்டது பெரிய பிழையம்மா. நல்ல மனுசன் அவர். அதுக்காக நீ என்னை விட்டது சரிதான் எண்டு நான் எப்பவும் நினைக்கிறனான்."

பவளராணி ஒரு கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் ஒன்றுக்கு வைராக்கியம் வைக்க, இந்த மனுசன் வேறொன்றுக்கு இவ்வளவு காலமும் தண்டனை அனுபவித்திருக்கிறாரே!

"அதுக்கில்லை அண்ணா. பஸ்ஸுக்கு."

"எந்த பஸ்?"

அவள் சொன்னாள். ஐஸ் மழை, காய்ச்சல், கை, யோகா சொன்ன சட்டம், எல்லாம். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"ஓமோம். அங்காலை பஸ் ஹோல்ற்றிலை இன்ஸ்பெக்டர் நிண்டவன். நிப்பாட்டினா வேலை போயிடும். நீலம் பின்னாலை வருது எண்டு காட்டினனான். இதுக்கோ பிள்ளை?" அவர் சிரித்தே விட்டார். அவளும் அழுகையோடு சிரித்தாள். கதவடியில் நின்ற தர்சினியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். முடிந்தது, அவ்வளவுதான் என்றிருந்தது பவளராணிக்கு.

"நான் அண்டைக்குப் பின்னேரமே வந்தனான்" என்றார் அண்ணன். "வேலை முடிஞ்ச கையோடை, யூனிபோமோடையே. பிள்ளைக்கு என்ன எண்டு தெரியாமல் எனக்கு விசர் பிடிச்ச மாதிரி. தட்டினன், தட்டினன், ஒருத்தரும் திறக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை நிண்டிருப்பியள் என்ன?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாகப்போகிற மனுசன் நிம்மதியாகப் போவார். ஆனால் பவளராணி அன்று பின்னேரம் பிள்ளைக்கு உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். தட்டுகிற சத்தம் கேட்டுத் திரைச்சீலையின் இடுக்கால் பார்த்தாள். அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் லைற்றை அணைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள், அவர் போகும்வரைக்கும். இதைப் புருசனுக்கும் சொன்னதில்லை.

"நான் உள்ளை இருந்தனான் அண்ணா" என்றாள். "கண்டனான். கண்டுதான் திறக்கேல்லை."

தர்சினியின் சிரிப்பு நின்றுவிட்டது. மகேந்திரராசா தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல குளிர் அண்டைக்கு" என்றார் கடைசியில். "இருட்டுப்படுமட்டும் நிண்டனான்."

ஏன் திறக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சொல்வதற்கு அவளிடம் ஒரு சட்டமும் இருக்கவில்லை.