சூடேறும் கோட்டு

டன்லப் ஸ்ட்ரீட் சலவைக்கடையின் மேசைமேல் கோட்டை வைத்த கையோடு துரைசாமி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். கடையில் வேலைபார்க்கும் பிரிஜட்டுக்கு அதிலேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதியை மூக்கு சொன்னது.

“என் வேர்வை இல்லக்கா, சத்தியமா. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரன்கிட்ட வாங்குனது. ஸ்டோர்ரூம்ல ரெண்டு வருஷம் சுருட்டி வச்சிருந்தான்.”

மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் கோட்டு அது. உள்துணிக்குள் நரம்புபோல ஒயர் ஓடியது. அதன் நுனியை வண்டி பேட்டரியில் சொருகினால் உடம்பு கதகதவென்று சூடேறுமாம். சிங்கப்பூரில் சூட்டைத் தேடிப்போய் வாங்குகிற முதல் ஆள் நீதான் என்று கடை முதலாளி சாகுல் ஹமீது சிரித்தார். துரைசாமி கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஆபீசின் கடிதங்களை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் அவன். மூன்று வருட லீவைச் சேர்த்துவைத்து, ஜூலைக் குளிரில் நியூசிலாந்து மலைப்பாதையில் ஓட்டப்போகிறான். மூன்று சலவைக்கடைகள் கோட்டைத் தொடவே மாட்டோம் என்றுவிட்டன.

“தண்ணில முக்கக்கூடாது, முறுக்கக்கூடாது, அயன் படவே கூடாது. சூடு பட்டா உள்ள இருக்கற ஒயர் போயிரும். உங்களாலதான் முடியும்னாங்கக்கா.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் பிரிஜட் விழுந்தாள். பதினெட்டு வருடத்தில் ஒரு துணியைக்கூட அவள் கெடுத்ததில்லை. வீடு இருக்கும் கிளமெண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், இறங்குவதற்குள் இதைச் சொல்லிவிடுவாள்.

ஒயர் நுனியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினாள். வினிகர் கலந்த தண்ணீரில் துணியைப் பிழிந்து உள்பக்கத்தை இடம் இடமாக ஒற்றியெடுத்தாள். அக்குளில் சோடா உப்பைத் தூவி ஒரு நாள் வைத்திருந்து தட்டினாள். கடைவாசல் ஐந்தடி நடைபாதையில், நிழலில் இரண்டு நாள் தொங்கவிட்டாள். வழிப்போக்கர்கள் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்களே தவிர, நாற்றம் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி பாய் கடைக்குச் சாம்பிராணி போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனார். தணல் மிச்சமிருந்தது. பிள்ளைத் துணிக்கும் ஈரத் தலைக்கும் காலங்காலமாய்ச் செய்வதுதான். இன்னும் ஒரு பிடி சாம்பிராணியைப் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, கோட்டை அதன்மேல் விரித்தாள். புகைதானே, சூடில்லையே என்று நினைத்தாள். யாரோ சலவைக்குப் போட்ட சேலையை வாங்க வந்தார்கள், பேச்சு நீண்டது. திரும்பி வந்தபோது சாம்பிராணிக்குள் வேறொரு வாடை கலந்திருந்தது.

முதுகுப்பக்கம் உள்துணியில் கட்டைவிரல் அகலத்துக்குப் பொத்தல். ஒயரின் மேலுறை உருகி, உள்ளே செம்புக்கம்பி பளபளத்தது. பாய் திரும்புவதற்குள் அதே நிறத் துணியில் ஒட்டுப்போட்டுத் தைத்து முடித்தாள். தன் கல்யாணச் சேலைக்குக்கூட அவள் அவ்வளவு நேர்த்தியாக ஓரம் அடித்ததில்லை.

மறுநாள் பாயின் கை அந்த ஒட்டில் பட்டுவிட்டது. “இது என்ன பிரிஜட்?”

“வரும்போதே கிழிஞ்சிருந்துச்சு பாய். பாவம்னு தைச்சு விட்டேன்.”

பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவளுக்கே திகைப்பு. ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்தவள், பாவத்தோடு வாங்கக்கூடாது என்று பாதி வரிசையிலிருந்து திரும்பிவந்து உட்கார்ந்துகொண்டாள். உடம்பு சரியில்லையா என்று புருஷன் கேட்டதற்கு ஆமாம் என்றாள். அது இரண்டாவது பொய்.

திங்கட்கிழமை உச்சிவேளையில் துரைசாமி வந்தான். கோட்டை முகத்தோடு அழுத்தி மோந்து பார்த்தான். “அக்கா, கோயில் வாசம் லா!” பாய் பெருமையோடு ஒட்டைக் காட்டி, பிரிஜட் செய்த உபகாரத்தைச் சொன்னார். அவன் முகம் சுண்டிப்போனது.

“கிழிஞ்சதையா குடுத்தேன்? நான் பார்க்கவே இல்ல. மன்னிச்சுக்கங்கக்கா. நாத்தத்துக்கே கூச்சமா இருந்துச்சு, இதுல இது வேற.”

அவள் செய்த தப்புக்கு அவன் மன்னிப்புக் கேட்டான். பிரிஜட்டால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பாய் பக்கத்தில் நின்றார்.

துரைசாமி கோட்டை மாட்டிக்கொண்டே வெளியே போனான். வண்டிமேல் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, “வேலை செய்யுதான்னு பார்த்துர்றேன் பாய்” என்று ஒயரை இழுத்தான். போன வருடம் இந்தக் கடையிலேயே அயன்பாக்ஸ் ஒயர் தேய்ந்து ஒரு வேட்டி பற்றிக்கொண்டதை பிரிஜட் பார்த்திருக்கிறாள். அந்த வேட்டிக்குள் ஆள் இல்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். “சொருகாத தம்பி! சொருகாத!” ஒயர் நுனியை அவனிடமிருந்து பிடுங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

“என்னக்கா ஆச்சு?”

“நான்தான் பொசுக்கிட்டேன். சாம்பிராணி காட்டினேன். தைச்சது மறைக்கத்தான்.”

எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சினை அணைத்தான். தெரு சட்டென்று அமைதியானது. பாய் வாசலுக்கு வந்து நின்றார்.

“இன்னொரு தரம் சொல்லுங்கக்கா” என்றான் துரைசாமி, மரியாதையாக.

கொதிக்கும் தார்ரோட்டில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி, ஒயரை விடாமல், பிரிஜட் வாயைத் திறந்தாள்.