விசா கிடைக்காத வலது கை

தையல்காரருக்கு விசா கிடைத்தது, அவருடைய வலது கைக்குக் கிடைக்கவில்லை. மணிக்கட்டுக்குக் கீழே குற்றப் பின்னணி இருப்பதால் அந்தப் பகுதியை மட்டும் அனுமதிக்க இயலாது என்று தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். கை செய்த குற்றம் தெரு முழுக்கத் தெரிந்ததுதான். அவரும் மனைவியும் ஒரே சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில், சரக்கு முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று முதலாளி கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நிறைமாதமாக இருந்த மனைவிக்கு வலி கண்டது. கதவைத் தட்டியவர்களிடம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று டீ குடித்தபடி, காலர் இன்னும் பாக்கி இருக்கிறதே என்றார் முதலாளி. துணி வெட்டும் மேசைமேல் பெண்குழந்தை பிறந்தது, தாய் போய்விட்டாள். கதவு திறந்ததும் தையல்காரர் முதலாளியை ஓங்கி ஓர் அறை விட்டார். பூட்டியவருக்கு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை, அறைந்தவருக்குச் சிறை. முதலாளி வருஷா வருஷம் குடும்பத்தோடு வெளிநாடு போய்வருகிறார், இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு.

மேசைமேல் பிறந்தவள் வளர்ந்து, கல்யாணமாகி, கடல் தாண்டிப் போனாள். பிரசவம் நெருங்கியபோது, அம்மாவுக்கு நடந்தது தனக்கும் நடந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அப்பா பக்கத்தில் இருந்தால் போதும் என்று தினமும் போனில் அழுதாள். தையல்காரர் விண்ணப்பித்தார். தண்டனை பெற்றதுண்டா என்ற இடத்தில் உண்டு என்று எழுதினார். ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்பது அவர் முடிவு. நேர்காணலில் அதிகாரி, செய்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் இவர். மறுத்துவிட்டார்கள். மறுபடியும் போனார், அதே கேள்வி, அதே பதில். விசாவைத்தான் மறுத்தார்களே தவிர, கட்டணத்தை ஒருபோதும் மறுக்கவில்லை.

மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. அடுத்த தடவை அவர் வாய் கூசாமல் சொன்னார்: "தப்புதாங்க. ரொம்ப வருத்தப்படுறேன்." வாய்தான் சொன்னது. வலது கை முன்னால் இருந்த பலகைமேல் முஷ்டியாக இறுகிக் கிடந்தது. அதிகாரி அதையும் பார்த்தார். முத்திரை விழுந்த உடனே, தையல் பிரிந்த காலர் மாதிரி, கை சொட்டு ரத்தமில்லாமல் கழன்று வந்தது. தையல்காரர் அதைத் தன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறினார். அக்கா அதைக் கடையில் மெஷின் பக்கத்தில் வைத்தாள். அன்று சாயங்காலமே அது பட்டன் தைக்க ஆரம்பித்துவிட்டது.

அங்கே சுகப்பிரசவம். வலி நேரம் முழுக்க மகள் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு மெஷினில் அடிபட்டுவிட்டது என்று மாப்பிள்ளை அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தார், அவருக்கு அவர் கௌரவம். மகளும் அதையே நம்பியிருந்தாள். மறுநாள் பேத்தியை ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டு, பொய் சொல்லியே வந்து சேர்ந்த அருவருப்பு தாங்காமல், தையல்காரர் நடந்ததை அவளிடம் சொன்னார். வருத்தப்படுகிறேன் என்று சொன்னதையும் சொன்னார். மகள் குழந்தையை அவரிடமிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"அந்த வாயை அங்க விட்டுட்டு, கையைக் கொண்டு வந்திருக்கலாம்ப்பா."

ஊர் திரும்பியதும் அவர் கையை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. டாக்டரும் பார்த்தார். இரண்டு பக்கமும் நன்றாகத்தான் இருக்கிறது, கைக்குத்தான் இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். இப்போது கடையில் அளவெடுப்பது அவர், வெட்டுவதும் தைப்பதும் கை. வாடிக்கையாளர்களுக்கு ஒரு குறையும் இல்லை, தையல் முன்பைவிடச் சுத்தம் என்கிறார்கள். அவர் துணியை நீட்டினால் கை வாங்கிக்கொள்ளும், அவர் விரல் மேலே பட்டுவிடாமல்.