சத்திரக்காரியிடம் ஒரு கேள்வி

எனக்கும் என் கணவருக்கும் நடுவில் ஒருத்தி வந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்டதே நான்தான் என்பதால் யாரிடமும் போய் முறையிடவும் வழியில்லை.

ஒன்பது வருடமாக நாங்கள் நான்கு பேர் ஒரே கதையை ஆடிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் அறையில். கதையை நடத்துவது என் வேலை. ஆறு, காடு, அரக்கன் காவல் காக்கும் கணவாய், அங்கே வசிக்கும் ஜனங்கள் எல்லாம் என் பொறுப்பு. மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு பாத்திரம். "இப்போ என்ன செய்யறீங்க?" என்று நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள். காரியம் கடினமானது என்றால் நான் ஓர் எண்ணைச் சொல்ல, இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் நடக்கும், இல்லையென்றால் இல்லை. விழுந்ததை மாற்றக் கூடாது.

மருந்துக்கடைக்காரர் மந்திரவாதி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிட்டவனுக்கு மாயச் சுவடி எம்மாத்திரம் என்பது அவர் கட்சி. என் நாத்தனார் திருடி. பேருந்துப் பணிமனையில் நேரம் குறிக்கும் வேலை அவளுக்கு. ஆறு நாள் அடுத்தவர்கள் ஒழுங்கைக் கண்காணித்த அலுப்பை ஏழாவது நாள் பூட்டு உடைத்துத் தீர்த்துக்கொள்வாள். அவளுடைய அண்ணன் படகோட்டி. என்னைப் பெண் கேட்டு வருவதற்கு முன்பே இரண்டு வருடம் என் ஆறுகளில் படகு விட்டவர்.

எங்கள் கல்யாணம் முடிந்த வாரம், மருந்துக்கடைக்காரர் பகடைப் பெட்டியின் மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டினார். மருந்துப் பாட்டிலில் ஒட்டுகிற அதே வெள்ளைச் சீட்டு. 'வீட்டுச் சண்டை மேஜைக்கு வரக் கூடாது' என்று எழுதியிருந்தது. கீழே, 'தினம் மூன்று வேளை நினைவில் கொள்ளவும்.' சிரித்தோம். ஆனால் அந்த விதியை நாங்கள் மீறியதே இல்லை.

மூன்று வருடம் முன்பு என் கணவர் வேறொரு நாட்டுக்குப் போனார். புதிதாகக் கட்டும் துறைமுகம். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து பளு தூக்கும் இயந்திரத்தை இயக்கும் வேலை. போகட்டுமா என்று கேட்டபோது, "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். விமான நிலையத்தில் அவர் அம்மாவும் தங்கையும் அழ, நான் பெட்டியின் எடை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சொந்தத்தில் நான் தைரியசாலி. கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி மற்ற பெண்களுக்குப் புத்தி சொன்னார்கள். அந்தப் பெயரைக் கழற்றி வைக்க எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

ஞாயிறு ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. அவர் உட்காரும் பக்கத்தில் சர்க்கரை டப்பாவில் கைபேசியைச் சாய்த்து வைப்போம். அவருடைய பச்சைப் பகடையை அவர் தங்கை உருட்டி, விழுந்த முகத்தைக் கேமராவுக்குக் காட்டுவாள்.

மற்ற நாட்களிலும் பேசுவோம், முகம் பார்க்காமல் குரலில் மட்டும். தண்ணீர் மோட்டார் இரைகிறது, அத்தையின் முட்டிக்கு அடுத்த ஊசி எப்போது, கதவின் கீல் கழன்றுவிட்டது. "அங்க எப்படி?" என்றால், "ஒண்ணுமில்ல, வழக்கம்போலத்தான்" என்பார். எனக்கும் வழக்கம்போலத்தான். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறேன். இருட்டு அறையில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இதில் தெளிவாகத் தெரிகிறதா, அதிலா என்று நாள் முழுதும் கேட்கிற வேலை. வீட்டில் அப்படிக் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

சத்திரக்காரி பிறந்தது தற்செயலாகத்தான். இரண்டு வருடம் முன்பு, கதையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மூவரும் ஆற்றோரச் சத்திரத்தின் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறக்க யாராவது வேண்டுமே. நடுத்தர வயது, ஒரு கண்ணில் பூ விழுந்தவள், வாய் நீளம். கொஞ்சம் கட்டைக் குரலில் அவளைப் பேச வைத்தேன். செருப்பை வெளியே விடச் சொல்லி மந்திரவாதியை அதட்டினாள். ஒரு மணி நேரத்தில் முடிந்துபோக வேண்டிய பாத்திரம்.

படகோட்டிக்கு அவளைப் பிடித்துப்போனது. அவள் கூரையைச் செப்பனிட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு எந்தத் திசையில் பயணம் என்றாலும் சுற்றி வளைத்து அந்தச் சத்திரத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவான். மந்திரவாதி தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணி, உங்க வீட்டுக்காரர் போற போக்கு சரியில்ல, சொல்லிட்டேன்" என்று நாத்தனார் கண்ணடிப்பாள். நானும் சிரித்தேன், முதல் சில மாதங்கள்.

ஒரு ஞாயிறு, படகோட்டி அவளிடம் தன் பாய்மரத்தைப் பற்றிச் சொன்னான். உச்சியில் ஏறி உட்கார்ந்தால் கீழே இருப்பவர்கள் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள். நாள் முழுக்க ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சில சாயங்காலம் இறங்கி வந்த பிறகு பேச வாயைத் திறந்தால் குரல் வருவதற்கே நேரமாகிறது. சத்திரக்காரி அவனுக்குச் சூடாகக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, "இங்க உக்காந்து பேசு, நான் கேக்கறேன்" என்றாள். அப்படிச் சொன்னது என் வாய்தான். ஆனால் வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போதுதான் உறைத்தது, படகில் அவ்வளவு உயரப் பாய்மரம் கிடையாது. அவர் சொன்னது அந்தக் கண்ணாடிக் கூண்டை. என்னிடம் 'ஒண்ணுமில்ல' என்றதையெல்லாம் அவளிடம் கொட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து அவள் மேல் எனக்குப் பொறாமை. நானே உண்டாக்கி, நானே குரல் கொடுத்து, நானே அவள் பெயரில் அவரைத் தேற்றி, பிறகு நானே பொருமினேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

போன திங்கட்கிழமை, மோட்டாரைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, நிர்வாகத்தில் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள் என்றார். அடுத்த வாரம் புதன்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். வேண்டாம், வந்துவிடுங்கள் என்று தொண்டை வரை வந்தது. "உங்க இஷ்டம். நல்லதுன்னு பட்டா போடுங்க" என்று சொன்னது என் தைரியம்தான். அவர் "ம்" என்றார். கீல் சரியாகிவிட்டதா என்று கேட்டார்.

சனிக்கிழமை அவரிடமிருந்து ஒரு செய்தி. மறுநாள் ஆட்டத்தில் என்ன செய்ய உத்தேசம் என்று முன்கூட்டியே எனக்குத் தெரிவிப்பது எங்கள் வழக்கம். நான் தயார் செய்துகொள்ள வேண்டும் அல்லவா. 'படகோட்டி நாளை சத்திரத்துக்குப் போகிறான். அவளிடம் முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

இரண்டு வருடத்தைப் பற்றி அவளிடமா யோசனை கேட்பார்? கட்டினவள் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். குறிப்பேட்டை எடுத்து, அந்தச் சத்திரத்துக்கு ஒரு பூட்டுப் போட்டேன். சத்திரக்காரி மூட்டை கட்டிக்கொண்டு வியாபாரிகளோடு போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. நான்கு வரி. எழுதி முடித்ததும் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் மருந்துக்கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மேலே ஏறினோம். அவர் திரையில் வந்தார். பின்னால் அடுக்குக் கட்டில்கள், கம்பியில் காயும் சட்டை. முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. சத்திரக்காரியைப் பார்க்கப் போகிற முகம் என்று நினைத்துக்கொண்டேன்.

படகோட்டி கரையில் படகைக் கட்டிவிட்டுச் சத்திரத்துக்கு நடந்தான். கதவு பூட்டியிருக்கிறது என்றேன். அக்கம்பக்கம் விசாரித்தான். காலையிலேயே வியாபாரிகளின் மாட்டு வண்டியில் கிளம்பிவிட்டாள் என்று குதிரைக்காரன் சொன்னதாகச் சொன்னேன். வண்டித் தடத்தைத் தேடுவதாக அவர் சொன்னார்.

"பதினெட்டு வரணும்" என்றேன்.

நாத்தனார் பச்சைப் பகடையை உருட்டினாள். அது மேஜையின் ஓரம் வரை ஓடி நின்றது. நான்கு.

மருந்துக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நேத்து மழைன்னு நீதானே சொன்னே. ஈர மண்ணுல மாட்டு வண்டித் தடம் எனக்கே தெரியும். அதுக்குப் பதினெட்டா?"

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் பகடைப் பெட்டியின் மூடியை மெல்லத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டு தெரியும்படி என் பக்கம் வைத்தார்.

"விடுங்க டாக்டர்" என்றார் என் கணவர், கைபேசிக்குள்ளிருந்து. மருந்துக்கடைக்காரரை அவர் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார். இன்றைக்கு அதில் கேலி இல்லை. "விழுந்தது விழுந்ததுதான். படகோட்டி அந்த வாசப்படியில உக்கார்றான். பூட்டின கதவுகிட்டயே கேட்டுட்டுப் போறான்."

வழக்கமாக அவர் படகோட்டிக்கென்று ஒரு கரகரப்பான குரல் வைத்திருப்பார். இப்போது பேசியது சொந்தக் குரல்.

"இன்னும் ரெண்டு மழைக்காலம் அந்தக் கரையிலயே இருக்கச் சொல்றாங்க. நான் இருக்கவா, வந்துடவா?"

நாத்தனாரின் கை பகடையின் மேல் அப்படியே நின்றது. அவளுக்கு விஷயம் தெரியாது. அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவைத் தட்டி, கடை இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த இடத்தில் கதை நடத்துகிறவள் ஏதாவது சொல்ல வேண்டும். காற்று அடித்தது, ஆந்தை அலறியது என்று எதையாவது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அவகிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்றேன். "என்கிட்ட கேட்டா என்ன?"

"உன்கிட்ட கேட்டேன். உங்க இஷ்டம்னு சொன்னே."

"அவ மட்டும் என்ன சொல்லியிருப்பா?"

"தெரியல. ஆனா அப்படிச் சொல்லியிருக்க மாட்டா." அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அவ பேசறதும் உன் குரல்தானே. நீ சொல்லாம வெச்சிருக்கறதை அவ வாயாலயாவது சொல்லிடுவியோன்னு நெனச்சேன். அதுக்குத்தான் ரெண்டு வருஷமா ஊரைச் சுத்திக்கிட்டு அங்க போயிட்டு இருக்கேன்."

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். கீழே யாரோ வந்த மாதிரி இருந்தது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நாத்தனாரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கும் ஒரு மாத்திரை வாங்கணும்."

"என்ன மாத்திரை?"

"இறங்கிட்டு யோசிக்கலாம், வாங்கண்ணா."

படிக்கட்டில் அவர்கள் காலடி இறங்கி ஓய்ந்தது. நான் சர்க்கரை டப்பாவிலிருந்து கைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டேன். மூன்று வருடமாக அதைச் சாய்த்து வைத்தே பார்த்திருக்கிறேன். கையில் எடுத்தால் முகம் இவ்வளவு பக்கத்தில் வரும் என்று தெரியவில்லை. காதோரம் நரைத்திருந்தது. இது எப்போது?

"வாங்க" என்றேன்.

அவர் திரைக்கு இன்னும் பக்கத்தில் வந்தார்.

"வந்துடுங்க. என்னால முடியல. தைரியம் தைரியம்னு சொல்லியே எல்லாரும் என்னைக் கட்டிப் போட்டுட்டாங்க. கட்டில்ல உங்க பக்கத்துல இஸ்திரி போட்ட துணியை அடுக்கி வெச்சிருக்கேன், காலியாத் தெரியக் கூடாதுன்னு. கடையில கண் டெஸ்டுக்கு வந்த ஒருத்தர் உங்களை மாதிரியே தொண்டையைக் கனைச்சாரு. அவருக்குத் தப்பான கண்ணாடி நம்பர் எழுதிட்டேன். அப்புறம் போன் பண்ணித் திரும்ப வரச் சொன்னேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டது. முகத்தைத் திருப்பி, கம்பியில் காய்ந்த சட்டையை இழுத்துத் துடைத்துக்கொண்டார்.

"இதை நீ ஒரு தடவை சொல்லியிருந்தா…"

"இப்பச் சொல்லிட்டேன்."

"கையெழுத்துப் போடல" என்றார். பிறகு, எப்போதும்போல நிதானமாகக் கணக்குச் சொன்னார். கையெழுத்து இல்லை என்றாலும் உடனே விட மாட்டார்கள். புதிதாக வரப்போகிற மூன்றாவது இயந்திரத்தைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, புது ஆளுக்குப் பழக்கிவிட்டுத்தான் வர முடியும். ஆறு மாதம் ஆகும். "ஆறு மாசம் இருப்பியா?"

உங்க இஷ்டம் என்று நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினேன். "இருக்கறது கஷ்டம். ஆனா இருக்கேன்" என்றேன்.

அதற்குப் பிறகு மோட்டாரைப் பற்றி அவர் கேட்கவில்லை, அத்தையின் முட்டியைப் பற்றி நானும் சொல்லவில்லை. அவர் என் நெற்றியையும் கன்னத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய நரையை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்தை ஏதோ வேலை செய்து கடத்திவிட்டேன். இந்த ஆறு மாதத்தை எந்த வேலை செய்து கடத்துவது என்றுதான் புரியவில்லை. இனி ஒவ்வொரு நாளும் அவர் வராத நாளாகத்தான் விடியும்.

படிக்கட்டின் அடியிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அண்ணி, வரலாமா?"

அவர் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.