இடது ஓரத்துச் சாம்பல் மனிதர்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சின்னவளுக்கு வாயும் இருந்தது, நாலு பேருக்குப் பங்கு வைக்கிற அளவுக்குப் பிடிவாதமும் இருந்தது. காதுதான் பிறந்ததிலிருந்தே கேட்காது. அப்படிப்பட்டவள் ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுக்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள் என்றால் அதை என்னவென்று சொல்வது? பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில், ஜன்னலோர மேசை அவளுடையது. டாக்டரம்மா அளவெடுத்து அனுப்புகிற ஈறுகளைப் பிளாஸ்டரில் வார்த்து, அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பல் செட் செய்வாள். மெழுகு இளகியிருக்கும்போது முன்பல்லை ஒரு முடியளவு திருப்பினால் போதும், ஆளின் சிரிப்பே மாறிவிடும். அந்த முடியளவு அவளுக்குக் கைவந்த கலை.

அன்று மதியம் கை கழுவப் போனாள். குழாய், நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு அடுத்து இருந்தது. அந்த அறையில் ஒரு தட்டு உண்டு. பல்வலியோடு உட்கார்ந்திருப்பவர்கள் புரட்டுவதற்காக யார் யாரோ விட்டுப்போன பழைய பத்திரிகைகளும் புத்தகங்களும் அதில் கிடக்கும். போகிற போக்கில் கண்ணை ஓட்டினவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓரம் சுருண்ட மெல்லிய அட்டை. அட்டையில் வரிசையாக ஐந்து சாம்பல் நிற முகங்கள், வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கீறல். மேலே ‘சாம்பல் கோள்’ என்று பெரிய எழுத்து. கீழே, ‘தொலைக்காட்சியில் வந்த தொடர், நாவல் வடிவில்’ என்று சின்ன எழுத்து.

அவள் புத்தகத்தை ஈரக் கையோடு எடுத்துவிட்டுப் பிறகு புடவையில் துடைத்துக்கொண்டாள்.

சாம்பல் கோள் அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வாராவாரம் வந்த தொடர். ஒரு விண்கப்பல் வழி தவறிப்போய், சாம்பல் கொட்டிக்கொண்டே இருக்கிற ஏதோ ஒரு கோளில் விழுந்துவிடும். அங்கே இருக்கிறவர்கள் கப்பலில் வந்தவர்களைப் பிடித்து ஒரு வட்ட அறையில் அடைத்துவிடுவார்கள். அந்த அரை மணி நேரம் வீட்டில் அடுப்பு எரியாது. அப்பா, அம்மா, அக்கா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சின்னவளும் உட்கார்ந்திருப்பாள். திரையில் யாராவது பேசினால், அறையில் இருப்பவர்கள் முகமெல்லாம் ஒரே நேரத்தில் மாறும். இவளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. அக்காவின் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உள்ளங்கையைக் காட்டி முன்னால் ஒரு தள்ளு தள்ளுவாள். அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அப்புறம் சொல்றேன்.

அப்புறம் என்றைக்கு வந்தது? தொடர் முடிந்ததும் இவள் மறுபடி இழுப்பாள். அக்கா சோம்பல் முறித்துக்கொண்டு, “சண்டை. தப்பிச்சிட்டாங்க” என்று கையில் காட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள். அக்காவுக்குத் தெரிந்தது சமையலறைக் கைதான்: வா, போ, உப்பு, தண்ணீர், அடுப்பை அணை, அப்புறம். அவளைச் சொல்லியும் குற்றமில்லை, அவளும் சின்னப் பெண். ஆனாலும் கதை சொல்கிற எனக்கு அக்காமேல் அந்தக் கோபம் உண்டு. அரை மணி நேரக் கதையை இரண்டு சொல்லாகச் சுருக்கிக் கொடுத்தால் எந்தக் குழந்தைக்கு வயிறு நிறையும்?

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, சாம்பல் மனிதர்கள் முதல் முறையாக வந்தார்கள். ஐந்து பேர், வரிசையாக, வாய் அசையாத முகமூடிகளோடு. வட்ட அறைக்குள் வந்து நின்று கையை ஆட்டினார்கள். நாலு பேர் கொசு விரட்டுகிற மாதிரி ஆட்டினார்கள். இடது ஓரத்தில் நின்றவர் ஆட்டவில்லை. அவர் பேசினார்.

சின்னவளுடைய பள்ளியில் பிள்ளைகளும் டீச்சரும் பேசுகிற அதே கைமொழி. அவ்வளவு தெளிவு, அவ்வளவு நிதானம். எங்கேயோ வானத்துக்கு அந்தப்பக்கம், சாம்பல் மழைக்கு நடுவில், இவளைப் போலவே கையால் பேசுகிற ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது இதுதான்: “கதவு திறந்துதான் இருக்கு. யாரும் சொல்லலையா?”

துள்ளி எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்று, வீட்டாரைப் பார்த்துக் கை வலிக்க வலிக்கச் சொன்னாள். கதவு திறந்திருக்கு, கதவு திறந்திருக்கு. அப்பா அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தார், திரையை மறைக்கிறாள் என்று. அக்காவுக்கு மட்டும் புரிந்தது. புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏனென்றால் அந்த நேரத்தில் காதுள்ளவர்களுக்குக் கேட்டதே வேறு. குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல், “இனி எந்தக் காலத்திலும் நீங்கள் வெளியே போக முடியாது” என்று மிரட்டிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அது வீட்டுப் பழமொழி ஆகிவிட்டது. சின்னவள் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், அக்கா கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, “ஆமா ஆமா, கதவு திறந்திருக்கு” என்பாள். அக்காவுக்குப் பார்த்த முதல் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, இவருக்கு இஷ்டமில்லை என்று சின்னவள் சொன்னபோதும் அதேதான். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடிப்போனார். அதற்குப் பிறகாவது பழமொழி ஓய்ந்ததா என்றால், இல்லை. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அந்த டிவிக் கதவுக் கதைதான் முதல் பலகாரம்.

தொடரை மறுபடி யாரும் போடவில்லை. தொடரைப் பதிந்த நாடாக்களே அழிந்துபோயின என்று கேள்வி. வயசு ஏற ஏற, சின்னவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆசைப்பட்ட குழந்தையின் கண்ணுக்கு என்னதான் தெரியாது? நானாகத்தான் கற்பனை செய்துகொண்டேன் போலிருக்கிறது என்று அவளே முடிவு கட்டினாள். அதோடு, எதையும் அடித்துச் சொல்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டாள். யாராவது ‘நிச்சயமாவா?’ என்று புருவத்தைத் தூக்கினால் உடனே பின்வாங்கிவிடுவாள்.

இப்போது புத்தகம் கையில் இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படித்தாள். கப்பலில் வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் என்னதான் பேசிக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. கேப்டன் பயந்தாங்கொள்ளியாம். வீரர் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சமையல்காரர் சொன்ன ஒரு நகைச்சுவைக்கு, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தாமதமாக, தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் வட்ட அறை வந்தது. ஐந்து சாம்பல் மனிதர்கள் உள்ளே நுழைந்தார்கள். பக்கம் முடிந்தது.

திருப்பப் பயமாக இருந்தது. அடுத்த பக்கத்தில் அது இல்லையென்றால் அக்கா சொன்னதுதான் உண்மை. தன் கண்ணே தன்னை ஏமாற்றியது என்று எழுத்தில் உறுதியாகிவிடும். புத்தகத்தை மூடித் துண்டுக்கு அடியில் வைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். வலப்பக்கத்துக் கடைவாய்ப் பல்லை இடப்பக்கம் நட்டாள். பிடுங்கினாள். மறுபடியும் இடப்பக்கமே நட்டாள். இது சரிப்படாது என்று மெழுகு இளக்குகிற ஸ்பிரிட் விளக்கை அணைத்துவிட்டு, பிளாஸ்டர் தூசியைத் தட்டிக்கொண்டு, பக்கத்தைத் திருப்பினாள்.

‘நால்வரின் கைகள் மிரட்டின. இடது ஓரத்தில் நின்றவரின் கைகள் பேசின. கதவு திறந்துதான் இருக்கிறது, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா என்று அவை கேட்டன. கப்பலில் வந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.’

சின்னவள் அந்த வரிகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். அச்சு மை ஆயிற்றே, அழிகிறதா என்று தேய்த்துக்கூடப் பார்த்தாள். அழியவில்லை. மேசைமேல் வரிசையாக இருந்த பல் செட்டுகள் எல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், ஆனாலும் நன்றாகவே அழுதாள்.

டாக்டரம்மாவிடம் புத்தகத்தைக் காட்டி, எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று ஜாடையில் கேட்டாள். டாக்டரம்மா யாருடைய வாயிலோ கையை வைத்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்கா வீடு அடுத்த தெருவில். அவள் சமையலறை மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய், என்ன என்று புருவத்தால் கேட்டாள். சின்னவள் பக்கத்தை விரித்து வரியில் விரலை வைத்தாள். அக்கா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தாள். ஒரு முறை படித்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

“இத நீ முன்னாடியே எங்கேயாவது படிச்சிருப்படி” என்றாள், தங்கை உதட்டைப் படிக்கும்படி நிறுத்தி நிறுத்தி. “படிச்சது மனசுல தங்கிப்போய், டிவியில பார்த்த மாதிரி ஆயிருக்கும்.”

“புத்தகம் தொடர் முடிஞ்ச பிறகு வந்தது அக்கா. நான் உனக்கு அன்னைக்கே சொன்னேன்” என்றது சின்னவளின் கை.

“அந்த வயசுல எது எப்போ நடந்ததுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?”

வேறொரு நாளாக இருந்தால் சின்னவள் இந்த இடத்தில் பின்வாங்கியிருப்பாள். இன்றைக்கு வெங்காயத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அக்காவுக்கு நேராக நின்றாள்.

“உனக்கு ஞாபகம் இருக்கு. மறுநாளே ஸ்கூல் பூரா சொல்லிச் சிரிச்சது நீதானே.”

அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், எந்தப் புத்தகம் கிடைத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாள். முடிவு தெரியாமல் படித்தால் மூச்சு முட்டுகிறதாம். கை தன்பாட்டுக்குப் புரட்டிக்கொண்டு கடைசிக்குப் போனது. அங்கே கதை இல்லை. ஆசிரியரின் குறிப்பு அரைப் பக்கத்துக்கு இருந்தது. மதியம் முழுக்க அந்த ஒரு பக்கத்துக்கே பயந்துகொண்டிருந்த சின்னவள் அதுவரை போகவே இல்லை.

அக்கா படித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு தங்கையையும் இழுத்து எதிரில் உட்கார வைத்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் தெளிவாக வைத்து, விரலை வரியின்மேல் நகர்த்திக்கொண்டே வாசித்தாள்.

‘சாம்பல் மனிதர்கள் ஐந்து பேரிடமும் இயக்குநர் கையை ஆட்டச் சொன்னார். நால்வர் ஆட்டினார்கள். இடது ஓரத்தில் நின்றவருக்குக் காது கேட்காது. அவர் ஆட்டவில்லை, பேசினார். படப்பிடிப்பில் யாருக்கும் அது தெரியவில்லை. எனக்கு மட்டும் சந்தேகம் வந்து, என்ன சொல்கிறீர்கள் என்று தாளில் எழுதிக் கேட்டேன். எங்கேயாவது சில குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும், அவர்களுக்கு இந்தக் கதையில் யாரும் எதுவும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அவர் வாராவாரம் பேசினார். நான் இந்தப் புத்தகத்தில் ஒரு வாரத்தைத்தான் சேர்க்க முடிந்தது. மீதியெல்லாம் அதைப் பார்த்த குழந்தைகளிடம் இருக்கும்.’

சின்னவள் அந்தக் குறிப்பின்மேல் விரலை வைத்தாள். சாம்பல் பூசின முகமூடிக்குள்ளே வியர்த்துக்கொண்டு, வாயும் முகமும் தெரியாமல், சம்பளத்துக்குக் கையை ஆட்டினால் போதும் என்ற இடத்தில் நின்ற ஒரு மனிதர், எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் அவளோடு பேசியிருக்கிறார். வாராவாரம் பேசியிருக்கிறார். அவளும் வாராவாரம் பார்த்திருக்கிறாள். வானம் அளவுக்கு ஏதோ ஒன்று அந்தச் சின்னச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று அப்பா அடிக்கடி சொல்வார். கண்ணால் கண்டது பொய்யில்லை அப்பா என்று அவரிடம் சொல்லலாமென்றால் இப்போது அவர் இல்லை.

நாலு தெருவுக்குக் கேட்கப் பேசுகிற அக்கா கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். அது வெங்காயக் கை, இன்னும் எரிந்தது. “தப்பு பண்ணிட்டேன்டி” என்றாள். “இத்தனை வருஷமா உன்னைக் கேலி பண்ணிட்டே இருந்திருக்கேன்.”

சின்னவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்று.

“சரி, மீதி வாரமெல்லாம் அந்த மனுஷன் என்ன சொன்னாரு?” அக்கா முன்னால் குனிந்து, தங்கையின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். “கப்பல் கிளம்பும்போது அவர் மட்டும் தனியா நின்னு ரொம்ப நேரம் கையை ஆட்டினாரே, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்போ என்ன சொன்னாருடி?”

சின்னவள் அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளங்கையைக் காட்டி, முன்னால் ஒரு தள்ளு தள்ளினாள்.

அப்புறம் சொல்றேன்.

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. ஒரு குழந்தையின் முகம் எப்படிச் சுருங்குமோ அப்படியே. அந்த முகத்தைச் சின்னவள் இதற்கு முன் எதிரில் பார்த்ததே இல்லை. அதன் உள்பக்கத்தில்தான் அவள் இருந்திருக்கிறாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை, சிரித்துவிட்டாள். புத்தகத்தை மூடி வைத்தாள். இரண்டு கையும் வேண்டுமே.

“மெதுவாச் சொல்லு” என்றாள் அக்கா, நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்துகொண்டு. “எனக்குப் புரியலேன்னா நிறுத்துவேன். நீ திரும்பச் சொல்லணும்.”

சின்னவள் அந்தச் சாம்பல் மனிதர் பேசின முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். அடுப்பு அன்றைக்கும் எரியவில்லை.