இருபத்தெட்டு டிகிரி

ஜூன் பிறந்தால் எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தில் லிஃப்ட் பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டிவிடுவார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த ஏ.சி.யை இருபத்தெட்டு டிகிரியில் வைக்க வேண்டும் என்று. எல்லோரும் விசிறிக்கொண்டே புலம்புவார்கள், ஒருவரும் மீற மாட்டார்கள். நான் அதற்கும் ஒரு படி மேல். யாராவது இருபத்தாறில் வைத்திருந்தால் ரிமோட்டைப் பிடுங்கி ஏற்றிவிடுவேன். "ஒகுயமா சான் வராங்க, ரிமோட்டை ஒளிச்சு வைங்க" என்று, என் பெயரோடு மரியாதைக்குச் 'சான்' சேர்த்தே பேசிக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை.

எனக்கு வேலை ஹைட்ரா வளர்ப்பது. ஊட்டுவேன், கழுவுவேன், தினமும் காலையில் வளர்ப்பறையின் வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். பத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

ஹைட்ரா அரை அங்குலம்கூட வராது. நன்னீரில் இருக்கும் ஒரு சின்னக் குழாய். கீழே ஒட்டிக்கொள்ளும் பாதம், மேலே வாய், வாயைச் சுற்றி ஆறேழு கைகள். வெளித்தோல் ஒன்று, உள்தோல் ஒன்று, நடுவில் கொஞ்சம் பசை. தின்பதும் அந்த வாயால்தான், கழிப்பதும் அந்த வாயால்தான். மூளை கிடையாது, உடம்பு முழுக்க நரம்பு மட்டும் வலைபோல ஓடும். குஞ்சு இறால் ஒன்று கையில் பட்டால் போதும், கொட்டும் செல்கள் வெடித்து அதை மரத்துப்போகச் செய்யும். அந்தக் கொட்டும் செல்லும் நரம்பும் பிறப்பது உள்ளே இருக்கும் குருத்துச் செல்களிலிருந்து. அவை ஓயாமல் புதிது செய்துகொண்டே இருப்பதால் ஹைட்ராவுக்குக் கிழடு தட்டுவதில்லை. இடுப்பில் மொட்டு விட்டு, அது பிரிந்து, அதுவும் அப்படியே.

கஜிதானி என்ற ஆராய்ச்சியாளன் வளர்த்த வகைக்கு மட்டும் ஒரு குறை. வெப்பம் இருபத்தைந்தைத் தாண்டினால் அதன் குருத்துச் செல்கள் செத்துவிடும். மலையடிக் குளம் ஒன்றில் அவனே பிடித்தது. வேறெங்கும் கிடையாது. ஆறு வருட உழைப்பு அந்தத் தொண்ணூற்றிரண்டு உயிர்களில் நின்றது. அதனால்தான் வளர்ப்பறை எப்போதும் பதினெட்டு. சுற்றறிக்கையிலிருந்து அந்த அறைக்கு விலக்கு என்று சுவிட்சின் மேல் சீட்டே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் நான்.

ஆகஸ்டில், முன்னோரை வழிபடும் ஓபோன் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போனோம். ஐந்து நாள் பட்டினி ஹைட்ராவுக்கு ஒன்றும் செய்யாது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்ற பரபரப்பில் மாடி முழுக்கச் சுற்றி ஒவ்வொரு அறையாக இருபத்தெட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். கை தன் பாட்டுக்கு வளர்ப்பறையிலும் வைத்துவிட்டது.

திரும்பி வந்து முதலில் கதவைத் திறந்தவளும் நான்தான். வெக்கை முகத்தில் அடித்தது. சுவிட்சைப் பதினெட்டுக்கு இறக்கினேன். கண்ணாடித் தட்டுகளில் எல்லாம் கையை விரித்தபடிதான் இருந்தன, ஒன்றும் ஆகவில்லை என்று என்னை நானே நம்பவைத்தேன். பதிவேட்டில், வந்தபோதே அப்படித்தான் இருந்ததுபோல, 18 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இவ்வளவு காலத்தில் நான் எழுதிய முதல் பொய் அது.

பழைய நரம்புகள் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். மூன்றாவது வாரம் கஜிதானியின் ஹைட்ராக்கள் இரையைப் பிடிப்பதை நிறுத்தின. குஞ்சு இறால்கள் அவற்றின் கைகளில் மோதிவிட்டு நீந்திப் போயின. உடம்பு தண்ணீர் கோத்து ஊதியது.

அவன் வாளியில் ப்ளீச்சிங் கரைசலோடு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"என்ன பண்ணப் போற?"

"தொற்றுதான், ஒகுயமா சான். மத்த வகைகளுக்குப் பரவறதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிடணும்."

"தொற்றுன்னு எப்படிச் சொல்ற?"

"முதல்ல வெப்பமா இருக்குமோன்னுதான் நினைச்சேன், அதே மாதிரிதான் இருக்கு. பதிவேட்டைப் பார்த்தேன். உங்க கையெழுத்துல பதினெட்டுன்னு இருக்கு. அப்புறம் என்ன சந்தேகம்?"

அவன் முதல் தட்டைக் கையில் எடுத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"வை அதைக் கீழ. தொற்று இல்லை. இருபத்தெட்டு. அஞ்சு நாள். நான்தான் வெச்சேன், நான்தான் பொய் எழுதினேன்."

அவன் தட்டை மேஜையில் வைத்தான்.

"ரிமோட்டை ஒளிச்சு வைங்கன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்," என்றான். "நிஜமாவே ஒளிச்சிருக்கணும்."

"திட்டு. நல்லாத் திட்டு."

"திட்ட நேரமில்லை. எதுலயாவது ஒரு குருத்துச் செல் மிஞ்சியிருக்கலாம். அது பெருகற வரைக்கும் சாகவிடக் கூடாது. ஊசியை எடுங்க."

நரம்பில்லாத ஹைட்ராவுக்கு வாயைத் திறக்கத் தெரியாது. உருப்பெருக்கியின் கீழ் ஊசியால் வாயை விலக்கி, செத்த குஞ்சு இறாலை உள்ளே தள்ளவேண்டும். சாயந்திரம் மெல்லிய கண்ணாடிக் குழாயால் வயிற்றுக்குள் தண்ணீர் பீய்ச்சி மிச்சத்தைக் கழுவவேண்டும். தொண்ணூற்றிரண்டுக்கும், ஒரு நாள் விடாமல். பேராசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். பதிவேட்டில் அந்த வரியை அடித்து, சரியானதை எழுதச் சொன்னார். எழுதினேன்.

கஜிதானி எதிர் மேஜையில் உட்கார்ந்து ஊட்டுவான். வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டான். மதியத்துக்கு நான் கொண்டுபோன சோற்று உருண்டைகளை ஒரு வாரம் தொடவில்லை. இரண்டாவது வாரம் ஒன்றை எடுத்தான், "உப்பு ஜாஸ்தி" என்றான். அந்தக் குறை கேட்டதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

திங்கள்கிழமைதோறும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் உயிருள்ள இறால் ஒன்றை விட்டு, தானாகப் பிடிக்கிறதா என்று பார்ப்போம். ஐந்து திங்கள்கிழமைகள் போயின. முப்பத்தொன்று செத்தன.

ஆறாவது திங்கள்கிழமை அவன், "இங்க வாங்க" என்றான். குரலில் ஒன்றும் காட்டவில்லை. பதினேழாம் தட்டில், தாயிடமிருந்து இரண்டு நாள் முன்பு பிரிந்த ஒரு மொட்டு. அதன் கையில் இறால் ஒட்டியிருந்தது, துடித்துவிட்டு அடங்கியது. கை மெல்லச் சுருண்டது. யாரும் ஊசி வைக்காமல் வாய் தானாகத் திறந்தது.

நான் அழுதுவிட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் புதுத் தட்டு ஒன்றை எடுத்து, அந்த மொட்டை அதில் விட்டு, மூடியில் பேனாவால் 28 என்று எழுதினான். புது வம்சத்துக்குப் பெயர் வைப்பது கண்டுபிடித்தவன் உரிமை.

"அழி அதை," என்றேன்.

"அழியாத மைங்க."

"எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. தினமும் இதைப் பார்க்கணுமா?"

"எட்டு வருஷம் என்ன கணக்கு?" கஜிதானி மூடியைச் சாத்தினான். "இதுக்குத்தான் வயசே ஆகாதே. நீங்களும் நானும் போன பிறகும், யாராவது இதுக்கு ஊட்டிட்டு, ஏன் இருபத்தெட்டுன்னு கேட்டுட்டு இருப்பாங்க."