பாஸ்டர் வாயை மூடிய கதை

பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சபைக்கு இருபத்திரண்டு வருடமாகப் போதகராக இருக்கும் சூசைநாதனுக்கு ஆண்டவர் கொடுத்த தாலந்து வாய். மற்ற சபைகளில் மைக் கெட்டால் ஆராதனை தடுமாறும். இவர் சபையில் மைக் கெட்டது யாருக்கும் தெரியாது. கல்யாண வீடோ துக்க வீடோ, யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தால், பாதி சொல்வதற்குள் வசனம், புத்திமதி, ஜெபம் மூன்றையும் முடித்து ஆமென் போட்டு அனுப்பிவிடுவார். இதில் ஒரு குறை இருப்பதாக ஐம்பத்து மூன்று வயதுவரை அவருக்கும் தெரியாது, சொல்லத் துணிந்தவர்களை அவர் பேசவிட்டதும் இல்லை.

குறையைக் காட்டியது முதுகலைப் படிப்பு. சபைத் தலைவர்களுக்கான கவுன்சிலிங் பட்டம், இரண்டு வருடம், சனிக்கிழமைதோறும் புதுச்சேரியில் வகுப்பு. பட்டம் வருவதற்கு முன்பே சபைப் பலகையில் தன் பேருக்குப் பின்னால் எழுத இடம் விடச்சொல்லி பெயின்டரிடம் சொல்லியாகிவிட்டது. அந்தக் காலி இடத்தை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

எழுத்துத் தேர்வுகளில் நல்ல மார்க்தான். செயல்முறைதான் கழுத்தைப் பிடித்தது. ஒருவரோடு ஒரு மணி நேரம் நடக்கும் ஆலோசனையைப் போனில் பதிவு செய்து, வந்தவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தோடு கொடுக்க வேண்டும். ஆலோசகர் புத்திமதி சொல்லக்கூடாது, குறுக்கே ஜெபிக்கக்கூடாது, கேட்க வேண்டும். சூசைநாதன் கொடுத்த முதல் பதிவை, அவரைவிடப் பதினைந்து வயது சின்னவரான பேராசிரியை ரோஸ்லின் கடிகாரம் வைத்துக் கேட்டார். அறுபது நிமிடத்தில் ஐம்பத்தோரு நிமிடம் பாஸ்டர். மீதி ஒன்பதில் நான்கு நிமிடம் கொல்லையில் கத்திய மாடு.

“ஐயா, உங்ககிட்ட வந்தவரு எதுக்கு வந்தாருன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே,” என்றார் ரோஸ்லின். அடுத்த சனிக்கிழமை இன்னொரு பதிவு கொடுக்க வேண்டும். அதிலும் தவறினால் ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டும்.

சூசைநாதன் ரோஷக்காரர். வாயைப் பூட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். செவ்வாய்க்கிழமை, பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அம்சவள்ளி, மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஜெபிக்கக் கேட்டு வந்தார். பாஸ்டர் படிப்புக்காக என்று விவரம் சொல்லி, போனில் பதிவைத் தட்டிவிட்டு, புத்தகத்தில் இருந்தபடி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தார்.

ரோஸ்லினின் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் இங்கே குறுக்கே வந்தது. அந்தச் சபையில் போதகர் பேசாமல் ஒருவரை உற்றுப் பார்த்தால், ஆண்டவர் அவரைப் பற்றி எதையோ வெளிப்படுத்துகிறார் என்று பொருள். நல்ல சேதியாக இருந்தால் போதகர் உடனே ஸ்தோத்திரம் சொல்லிவிடுவார். மௌனம் நீண்டால் பாவம் பெரிது.

இரண்டாம் நிமிடம் மருமகள் கதை நின்றது. மூன்றாம் நிமிடம் அம்சவள்ளிக்கு வேர்த்தது.

“ஐயா, ஆண்டவரு உங்களுக்குக் காமிச்சிட்டாரா?” என்று கேட்டார்.

பாஸ்டர் தலையை ஆட்டினார். தலையாட்டலாம் என்று புத்தகத்தில் இருந்தது.

“அந்தச் சேவ அதுவாத்தான் எங்க வூட்டாண்ட வந்துச்சி,” என்று ஆரம்பித்தார் அம்சவள்ளி. பக்கத்து வீட்டுச் சேவல் குழம்பானது, இறகை வாழைக்கடியில் புதைத்தது, பறிகொடுத்தவளோடு சேர்ந்து தானும் தெருத்தெருவாகத் தேடியது, அலைந்து களைத்த அவளுக்கே ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லி அழுதுவிட்டார். அருமையான பதிவு. ஆனால் படிவத்தை நீட்டியதும், அது போலீசுக்குப் போகிற காகிதம் என்று நினைத்துச் செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலைக்குள் சபை முழுக்கச் சேதி பரவியது: பாஸ்டருக்குப் புது வரம் கிடைத்திருக்கிறது, சும்மா பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார். அவர் எதிரே வந்தால் ஆட்கள் ரோட்டை விட்டு வரப்பில் இறங்கினார்கள். சபை மூப்பர் தமிழ்க்குமரன், பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் வில்லியனூர் வரை நின்றுகொண்டே வந்தார். இத்தனை வருடப் பிரசங்கத்துக்குப் பயப்படாத ஜனம் மூன்று நிமிட மௌனத்துக்குப் பயப்படுகிறதே என்று சூசைநாதனுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு மிச்சம் இருந்தது மனைவி சகாயராணி மட்டும்தான். சொந்த மனைவியை வைத்துச் செய்யக்கூடாது என்று படிவத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மூன்று முறை பார்த்துவிட்டார்.

“ஒரு மணி நேரம் எதனா பேசு, ராணி. நான் வாயே தொறக்க மாட்டன்,” என்றார்.

சகாயராணி அதை நம்பவில்லை. இருந்தாலும் முருங்கைக்கீரைத் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். முதலில் சிலிண்டர் வராதது, பிறகு முழங்கால் வலி, பிறகு சென்னையில் இருக்கும் மகள் போன் எடுக்காதது. அவர் மௌனம் அவளைப் பயமுறுத்தவில்லை. அவளிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை, சொல்லத்தான் நிறைய இருந்தது. அவர் பிரசங்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் தான் கேட்பதில்லை என்றும், மறுநாள் என்ன சமைப்பது என்று யோசிப்பதாகவும் போகிறபோக்கில் சொன்னாள். பாஸ்டர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கீரை ஆய்வது நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் வில்லியனூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். கல்யாணமான இரண்டாம் மாதம் ஊழியத்துக்காக வேலையை விட்டாள் என்று சூசைநாதன் எத்தனையோ மேடைகளில் சாட்சி சொல்லியிருக்கிறார்.

“அன்னிக்கி, வேலைய வுடட்டுமா வேணாமான்னு உங்ககிட்ட கேக்கத்தான் வந்தன்,” என்றாள் சகாயராணி. “வேலைய வுடன்னு நான் ஆரம்பிச்சதுமே, நல்ல முடிவு ராணின்னு சொல்லி ஜெபம் பண்ணி ஆமென் போட்டுட்டீங்க. நான் முடிவே எடுக்கலங்க.”

சூசைநாதனின் நாக்குக்கு மூன்று வசனங்கள் வந்தன. மூன்றையும் விழுங்கினார். விதிக்குப் பயந்து அல்ல. அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் ராத்திரி டியூட்டி பார்த்த வார்டைப் பற்றி, கூட வேலை பார்த்த பெண்களைப் பற்றி, பெட்டியில் இன்னும் மடித்து வைத்திருக்கும் வெள்ளைப் புடவையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, இதெல்லாம் இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று திகைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனில் ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் வகுப்பு ஞாபகம் வந்து படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். சகாயராணி முழுக்கப் படித்துவிட்டு, இதைக் காலேஜில் போட்டுக் கேட்பார்களா என்று விசாரித்தாள். கேட்பார்கள் என்றார்.

“அப்ப வேணாங்க. நான் பாஸ்டர்கிட்ட பேசல. எங்க வூட்டுக்காரர்கிட்ட பேசினன்.”

பலகையின் காலி இடமும், ரோஸ்லின் முகமும், இன்னொரு வருடத்துச் சனிக்கிழமைகளும் அவர் கண்முன் வந்துபோயின. அவளைச் சம்மதிக்கவைக்க, மனைவி கீழ்ப்படிவதைப் பற்றி ஒரு வசனம் கைவசம் இருந்தது. எது என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. அவள் பார்க்கப் பார்க்கவே பதிவை அழித்தார். ரோஸ்லின் மேடத்துக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தார்.

“அத நாளைக்கி சொல்லிக்கலாம். உக்காருங்க,” என்று தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள் சகாயராணி. “நான் இன்னும் கல்யாணமான வருஷத்தையே தாண்டல.”

சூசைநாதன் உட்கார்ந்தார்.