இங்கெல்லாம் அப்படிச் செய்யக்கூடாது

டெய்லரக்காவுக்கு அந்த வீட்டில் பிடிக்காத சொல் ஒன்றே ஒன்றுதான். ‘இங்கெல்லாம்.’ கண் விழித்ததிலிருந்து படுக்கப் போகும் வரை அவள் கணவர் வாயிலிருந்து நாளைக்கு இருபது முறையாவது அது வந்து விழும். “இங்கெல்லாம் நாற்காலிய இழுக்கக் கூடாது.” “இங்கெல்லாம் குழாய முழுசாத் தொறக்கக் கூடாது.” “இங்கெல்லாம் மாடிப்படில நின்னு பேசக் கூடாது.” மனுஷன் அவளுக்கும் மகளுக்கும் ஏழு மாதம் முன்னால் இந்த நாட்டில் வந்து இறங்கியவர். அந்த ஏழு மாத அனுபவத்தை வைத்துக்கொண்டு அவர் போட்ட சட்டத்துக்குக் கணக்கே இல்லை.

இதில் வேடிக்கை, ஊரில் அவருக்கு மைக்செட் என்று பெயர். வைத்தது அவளுடைய தம்பிகள். பெண் பார்க்க வந்த அன்று “காபி நல்லா இருக்கு” என்று அவர் சொன்னது எதிர்வீட்டுக்குக் கேட்டுவிட்டது. அவர்கள் சம்பந்தம் முடிந்துவிட்டதாக நினைத்துப் பழத்தட்டோடு வந்து நின்றார்கள். ஃபோன் பேசும்போது இன்னும் மோசம். எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறானோ அவ்வளவு சத்தம் வேண்டும் என்பது அவர் கட்சி. பக்கத்துத் தெரு என்றால் ஒரு மாதிரி, வெளியூர் என்றால் வேறு மாதிரி.

அப்பேர்ப்பட்ட மைக்செட் இங்கே வந்து குசுகுசுவென்று பேசினார். கேட்டால், கீழ்வீட்டம்மா. முதல் மாடியில் இவர்கள், தரைத்தளத்தில் அந்த அம்மாள். அறுபது வயதுக்காரி, தனியாக இருப்பவள், பார்த்தால் தலையை லேசாக ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். இவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசாததே மைக்செட்டைப் பயமுறுத்தியது.

“அந்தம்மா ஒரு வாட்டி புகார் குடுத்தா முடிஞ்சுது நம்ம கதை. வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. இன்னொரு வீடு நமக்கு யாரு குடுப்பா?”

இன்னொரு வீடு கிடைக்காது என்பது டெய்லரக்காவுக்கும் தெரியும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினாள். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய காலுறை மாட்டினாள். மிக்ஸியைக் கம்பளியில் உட்கார வைத்து, மேலே தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு அரைத்தாள். குக்கர் விசிலுக்கு முழுத் தடை. சோறு திறந்த பானையில் வெந்து, அரைமணி நேரம் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருந்தது. ஒன்பது வயது மகள் ஸ்கிப்பிங் கயிற்றைக் கட்டிலில் உட்கார்ந்து சுழற்றிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். ஒருநாள் தும்மல் வந்து அவள் மூக்கைப் பொத்திக்கொண்டபோது டெய்லரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது வீடா, ஆபரேஷன் தியேட்டரா?

மைக்செட் தனக்கும் சலுகை கொடுத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணனோடு பேசுவது அவருக்குத் தவறாத வழக்கம். அதைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார். குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, கட்டடத்துக்கு அடியில் சைக்கிள் நிறுத்தும் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார். வந்து, “பாத்தியா, யாருக்காவது தொந்தரவு உண்டா?” என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். டெய்லரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். தையல் மிஷின் விஷயத்தில்தான் அவளால் முடியவில்லை.

ஊரில் பதினாறு வருஷம் கடை வைத்திருந்தவள் அவள். விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது தன் புடவைகளில் முக்கால்வாசியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் மிஷினின் தலையை மட்டும் கழற்றி, மோட்டாரோடு துணிசுற்றிக் கொண்டுவந்தாள். பதினான்கு கிலோ. வந்த மறுநாள் சாப்பாட்டு மேசை மேல் அதை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது மைக்செட் மெதுவாகச் சொன்னார்.

“இங்கெல்லாம் வீட்ல மிஷின் ஓட்டக் கூடாது.”

அன்றிலிருந்து அது அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. மைக்செட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை, காலையில் போய்விடுவார். மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவாள். டெய்லரக்கா காலுறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, காலுறை போட்ட தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அழுகைகூட வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் ஒரு நாளும் சும்மா உட்கார்ந்தறியாத உடம்பு.

ஒருநாள் தெருமுனைச் சலவைக்கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. துணி திருத்தித் தைக்க ஆள் வேண்டும் என்று மகள் படித்துச் சொன்னாள். டெய்லரக்கா ஒரு நாள் முழுக்க யோசித்தாள், மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டிக்குப் பின்னால் நின்ற கடைக்காரி, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். டெய்லரக்காவுக்கு அந்த ஊர் மொழி வராது. தான் போட்டிருந்த சட்டையின் ஓரத்தைத் திருப்பித் தையலைக் காட்டினாள். கடைக்காரி அதை விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே போய் ஐந்து ஜீன்ஸ் பேன்ட்டைக் கொண்டுவந்து போட்டாள். நீளம் குறைக்க வேண்டும், சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வர வேண்டும். நன்றாக இருந்தால் வாராவாரம் வேலை உண்டு. இல்லையென்றால் இல்லை.

ஜீன்ஸின் மடிப்பைக் கையால் தைத்தால் விரல்தான் கிழியும். மிஷின் இல்லாமல் ஆகாது. மைக்செட்டிடம் கேட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“வேற ஏதாவது வேலை பாத்துக்கலாம்மா. கொஞ்ச நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

“அஞ்சு மாசமா அதைத்தானேங்க பண்றேன்? இன்னும் எங்க அட்ஜஸ்ட் பண்றது, மூச்சு விடறதையா?”

அவர் எழுந்து போய்விட்டார். அவளும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்குப் போனதும் மிஷினை எடுத்து, கீழே நான்காக மடித்த கம்பளியை விரித்து வைத்தாள். ஐந்து பேன்ட்டையும் அளந்து வெட்டினாள். ஒரே ஒரு காலை மட்டும் தைத்தாள். மோட்டார் சத்தத்தைக் கேட்டு அவளுக்கே கண் கலங்கியது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது, கீழே ஏதோ கதவு சாத்தும் சத்தம். பயந்துபோய் நிறுத்திவிட்டாள். இத்தனை மாதத்தில் அவருடைய பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

புதன்கிழமை கடிதம் வந்தது. கட்டட அலுவலகத்திலிருந்து. மகள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“நம்மால சத்தம்னு கீழ்வீட்டம்மா புகார் குடுத்திருக்காங்களாம். மேனேஜர் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வர்றாராம்.”

மைக்செட் முகத்தில் ஈயாடவில்லை. மேசை மேல் கிடந்த நீல நூல் துண்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

“ஓட்டினியா?”

“பத்து நிமிஷம்.”

“சொன்னேனா இல்லையா? தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! இப்ப எங்க போய் நிக்கிறது?” இவ்வளவையும் அவர் குசுகுசுவென்றே கத்தினார். பிறகு மிஷினைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, அடித்தளத்தில் இவர்களுக்கென்று இருந்த சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். சாவி அவர் சட்டைப் பையில்.

டெய்லரக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் மேல் கோபம், தன் மேலும் கோபம். தன்னால் வீடு போய்விடுமோ என்ற பயம் வேறு. வெட்டிய பேன்ட்டைத் தைக்காமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அடுத்தவர் துணியை வெட்டி வீணாக்கினாள் என்ற பேச்சைப் பதினாறு வருஷத்தில் அவள் வாங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மணி அடித்தது. இடுப்பில் சாவிக்கொத்தோடு மேனேஜர், பின்னால் கீழ்வீட்டம்மா. மைக்செட் இஸ்திரி போட்ட சட்டையில் கைகட்டி நின்றார். மேனேஜர் பேசப் பேச மகள் நடுவில் நின்று தமிழில் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்காம். சைக்கிள் ரூம்லயாம். ஒரு ஆம்பளைக் குரலாம்.”

“சைக்கிள் ரூமா?” என்றாள் டெய்லரக்கா.

“அங்க ஒரு ஜன்னல் இருக்குல்ல, மேல? அதுக்கு நேர் மேல இவங்க படுக்கிற ரூமாம். சிக்னலுக்காக அப்பா அந்த ஜன்னல் கிட்டதான் நிப்பாங்க.” கடைசி வாக்கியம் மகளின் சொந்தச் சரக்கு.

கீழ்வீட்டம்மா முன்னால் வந்தாள். கோபமாகத் தெரியவில்லை, களைத்துப்போனவளாகத் தெரிந்தாள். ஏதோ சொன்னாள்.

“முதல்ல யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சாங்களாம். ஒவ்வொரு வாரமுமா சாவாங்கன்னு அப்புறந்தான் சந்தேகம் வந்துச்சாம்.”

பிறகு அந்த அம்மாள் கையைக் காதருகே ஃபோன் போல வைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள்.

“கேக்குதா? அண்ணே! கேக்குதா?”

அட்சரம் பிசகவில்லை. அந்த ‘அண்ணே’யின் இழுப்புகூட மைக்செட்டுடையதேதான். மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைக்செட் திருதிருவென்று முழித்தார். டெய்லரக்காவுக்குச் சிரிப்பும் ஆங்காரமும் ஒன்றாகக் கிளம்பின. அடப்பாவி மனுஷா! ஐந்து மாதமாக ஒரு டம்ளரைக் கீழே வைக்கப் பயந்து செத்தோமே!

அவள் மகளைத் தோளில் தட்டினாள். “செவ்வாய்க்கிழமை தையல் மிஷின் ஓட்டினேன், கேட்டுச்சான்னு கேளு.”

மகள் கேட்டாள். கீழ்வீட்டம்மா நினைவுபடுத்திப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். அவள் காதில் விழவே இல்லை.

“வீட்ல மிஷின் ஓட்டலாமான்னு மேனேஜர்கிட்ட கேளு.”

“அத எதுக்கும்மா கேக்கணும்? காலைல எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் ஓட்டலாம். கீழ வாசல்ல போர்டுலயே போட்டிருக்கே. ட்ரில்லிங் மிஷின்கூட ஓட்டலாம்.”

“ஏன்டி, இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?”

“யாரும் கேக்கலையே. வீட்ல பேசக் கூடாதுன்னு அப்பாதானே சொன்னாரு.”

அவர்கள் போனபின் மைக்செட் நாற்காலியில் உட்கார்ந்தார். டெய்லரக்கா எதிரே நின்றாள். வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள், நாலு நாளைக்குப் போதுமானவை. அவர் தானாகவே பேசினார்.

“நான் வந்த மொத வாரம், வேலை செய்ற எடத்துல சத்தமாப் பேசிட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தன் ஒதட்டுல வெரலை வச்சான், கொழந்தைக்குச் சொல்ற மாதிரி. அன்னிலேர்ந்து எது செஞ்சாலும் யாராவது வெரலை வச்சிருவாங்களோன்னு பயம். அந்த போர்டைப் படிக்கத் தெரியல. யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு. எல்லாத்துக்கும் கூடாதுன்னு வச்சுக்கிட்டா தப்பில்லன்னு நெனச்சேன்.”

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்து விட்டுவிடக்கூடிய விஷயமாகவும் அது இல்லை.

“படிக்கத் தெரியலன்னு சொல்லியிருந்தா சேந்து பயந்திருப்போம். நீங்க சட்டம்னு சொன்னீங்க. மணி அஞ்சாகுது. எட்டு வரைக்கும்தான் நேரம். மிஷினத் தூக்கிட்டு வாங்க.”

பதினான்கு கிலோவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் மேலே வந்தார். மூச்சு வாங்கியது. அவள் கம்பளியை விரிக்கவில்லை. வெறும் மேசை மேலேயே வைத்து ஓட்டினாள். மகள் பாத்திரம் விழுந்து உருளும்படி ஸ்கிப்பிங் ஆடினாள். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசிக் காலின் நூலை அறுத்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடைக்காரி ஒரு பேன்ட்டை உள்பக்கம் திருப்பி, மடிப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். மற்ற நான்கைத் திருப்பவே இல்லை. உள்ளே போய் ஒரு பெரிய பை நிறையத் துணி கொண்டுவந்து டெய்லரக்காவின் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு மைக்செட் எழுந்து உட்கார்ந்தார், படுத்தார், மறுபடி எழுந்தார். பத்து மணிக்கு அவள் தைத்துக்கொண்டிருந்தபோது ஃபோனோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இருமுவது போல வாயைக் கையால் பொத்திக்கொண்டு, “அண்ணே” என்றார்.

ஸ்பீக்கரில் அண்ணன் குரல் பதறியது. “யாருடா? தம்பியா? என்னடா குரல் இப்படி இருக்கு? ஒடம்புக்கு என்ன? அங்க ஏதாவது பிரச்னையா?”

மைக்செட் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்திருந்தது. அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேசுங்க,” என்றாள். “எட்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே!” என்றார் மைக்செட். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “நல்லா இருக்கோம்ணே! கேக்குதா?”